நியூயார்க் தெருவில் ஷூட்டிங்: பெர்மிட் எப்போது வேண்டும்?

நியூயார்க் மாநகரத்தின் தெருவிலோ பூங்காவிலோ படம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ‘பெர்மிட் வேண்டுமா?’ என்றுதான். கேள்வி சரியானது. விடையைத் தேடும் இடம்தான் பலருக்குத் தவறிவிடுகிறது. கேமரா பெரிதா சிறிதா, எடுப்பது சினிமாவா யூடியூபா, அதில் காசு வருமா வராதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நகரத்தின் விதிக்கு இவை எதுவும் பொருட்டே இல்லை. பொது இடத்தில் எவ்வளவை நீங்கள் உங்களுக்கென்று எடுத்துக்கொள்கிறீர்கள், எதைக் கொண்டுவந்து தரையில் நிறுத்துகிறீர்கள் என்ற இரண்டை மட்டுமே அது பார்க்கிறது. நம் ஊரிலும் தெருவில் நடந்து போக யாரிடமும் கேட்பதில்லை, பந்தல் போடுவதென்றால் கேட்டே ஆக வேண்டும். பெர்மிட் என்பது அந்தப் பந்தலுக்கான அனுமதி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எப்போது விண்ணப்பிப்பது, எப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது, எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும். இந்த அத்தியாயம் முழுக்க அதைத்தான் வாதிடப் போகிறேன்.

விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நியூயார்க் நகர விதித் தொகுப்பின் 43ஆம் தலைப்பில் 9ஆம் அத்தியாயம் இதற்கானது. இரண்டு சந்தர்ப்பங்களில் பெர்மிட் கட்டாயம். முதலாவது, வண்டியோ கருவிகளோ வைத்துப் படமெடுப்பது. லைட், செட், டிராலி தண்டவாளம், திரை, மின் சாமான்கள் எல்லாம் கருவிக் கணக்கில் சேரும். கையில் பிடித்திருக்கும் கேமரா சேராது. அதைத் தாங்கும் டிரைபாடும் சேராது என்று விதியே சொல்லிவிடுகிறது, பலர் நம்ப மறுக்கும் விஷயம் இது. ஓடும் காருக்குள் உட்கார்ந்தபடி, போக்குவரத்து விதியை மீறாமல் எடுத்தால் அந்தக் காரும் கருவி ஆகாது. இரண்டாவது சந்தர்ப்பம், இடத்தை உங்களுக்கே உரியதாக்கிக்கொள்வது. சாலையில் ஒரு லேனை எடுத்துக்கொண்டால் பெர்மிட் வேண்டும். நடைபாதையில் பாதி அகலத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலும் வேண்டும். நடைபாதை 16 அடிக்கும் குறுகலாக இருந்தால், நடப்பவர்களுக்கு 8 அடி மிச்சம் விட்டாக வேண்டும். ஆகவே 20 அடி நடைபாதையில் உங்கள் பங்கு அதிகபட்சம் 10 அடி, 12 அடி நடைபாதையில் 4 அடிதான். நாலடியில் ஒரு டிரைபாடை விரித்து வைத்து, பின்னால் ஒருவர் நின்று, பக்கத்தில் பையையும் வைத்தால் இடம் தீர்ந்துவிடும். அதனால் லொகேஷன் பார்க்கப் போகும்போது வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், பையில் ஒரு அளவு நாடாவையும் போட்டுக்கொண்டு போவது நல்லது. கயிறு கட்டினால்தான் இடத்தைப் பிடித்ததாக ஆகும் என்றில்லை. நடந்து வருகிறவரை உதவியாளர் ஒருவர், ‘கொஞ்சம் நில்லுங்க, ஷாட் போகுது’ என்று வாயால் தடுக்க ஆரம்பித்தாலே அந்த இடத்தை நீங்கள் சொந்தம் கொண்டாடத் தொடங்கிவிட்டீர்கள்.

இந்த விதி எப்படி வந்தது என்பதே என் வாதத்துக்கு முதல் சாட்சி. 1966இல் மேயர் ஜான் லிண்ட்சே, பல துறைகளிடம் தனித்தனியே அலைந்து வாங்க வேண்டியிருந்த அனுமதிகளை ஒரே அலுவலகத்தின் கீழ் கொண்டுவந்தார். சினிமாக்காரர்களை நகரத்துக்கு இழுப்பதுதான் நோக்கம், அது பலித்தது. ஆனால் யாருக்குப் பெர்மிட் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை எழுதிவைக்காமலே நாற்பது வருடம் போய்விட்டது. 2005 மே மாதம் மெட்லைஃப் கட்டடத்துக்கு அருகே தெருவில் நின்று கைக்கேமராவில் படம் எடுத்துக்கொண்டிருந்த இந்திய ஆவணப்பட இயக்குநர் ராகேஷ் சர்மாவைப் போலீஸ் பிடித்து நிறுத்தி விசாரித்தது. குஜராத் கலவரம் பற்றிய ‘ஃபைனல் சொல்யூஷன்’ படத்தை எடுத்தவர் அவர். பெர்மிட் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. பின்னர் முறையாக விண்ணப்பித்தபோது பெர்மிட்டும் மறுக்கப்பட்டது. 2006 ஜனவரியில் நியூயார்க் சிவில் உரிமைச் சங்கம் அவர் சார்பில் வழக்குப் போட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது, விதிகளை எழுத்தில் வைக்க நகரம் ஒப்புக்கொண்டது.

2007இல் வெளியான முதல் வரைவு ஆள் எண்ணிக்கையையும் நேரத்தையும் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் ஓரிடத்தில் கேமராவோடு அரை மணிக்கு மேல் இருந்தால் பெர்மிட், ஐந்து பேர் டிரைபாடோடு பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் பெர்மிட், கூடவே பத்து லட்சம் டாலர் காப்பீடு. சென்ட்ரல் பார்க்கில் குழந்தையைப் படம்பிடிக்கும் அப்பா அம்மாகூட இந்த வலையில் சிக்கியிருப்பார்கள். புகைப்படக்காரர்களும் படக்காரர்களும் திரண்டு எதிர்த்தார்கள், நகரம் வரைவைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2008இல் நடைமுறைக்கு வந்த விதியில் ஆள் கணக்கும் கடிகாரமும் காணாமல் போய், அடிக்கணக்கும் கருவிக்கணக்கும் வந்து உட்கார்ந்தன. யார் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்பதை வைத்து நியாயமான கோடு போட முடியாது என்பதை நகரம் முயன்று பார்த்தே ஒப்புக்கொண்டது என்பதுதான் என் வாசிப்பு.

‘வியாபாரத்துக்கு எடுப்பவனும் ஆசைக்கு எடுப்பவனும் ஒன்றா? சம்பாதிப்பவனிடமாவது பெர்மிட் கேட்க வேண்டாமா?’ என்று ஒருவர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத்தான் படும். இந்த வழியை அமெரிக்க மத்திய அரசு தன் தேசியப் பூங்காக்களில் நீண்ட காலம் கையாண்டது. வணிக நோக்கில் படமெடுத்தால், ஒரே ஒரு ஆள் கேமராவோடு போனாலும், அனுமதியும் கட்டணமும் உண்டு. வர்ஜீனியாவின் யார்க்டவுன் போர்க்களத்தில் சிறு குழுவோடு தன் படத்தின் சில காட்சிகளை எடுத்த கோர்டன் பிரைஸ் மீது இதனால் வழக்கு வந்தது. அது கைவிடப்பட்ட பிறகு, சட்டமே அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அவர் நீதிமன்றம் போனார். 2021இல் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது. வழக்கில் அரசுதான் ஜெயித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜெயித்த சட்டம் நிலைக்கவில்லை. 2025 ஜனவரியில் கையெழுத்தான புதிய சட்டம், கையில் தூக்கிச் செல்லும் கருவியோடு வரும் சிறு குழுவுக்கு, வணிகமோ இல்லையோ, பெர்மிட் தொல்லையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. அந்தப் போர்க்களப் புல்லுக்கு ஒரு படம் பிற்பாடு எவ்வளவு வசூலிக்கிறது என்பது தெரியவா போகிறது? அதை மிதிப்பது எத்தனை கால்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அனுமதி இடத்துக்கானது என்றால், அந்த இடம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. வெளியூரிலிருந்து வரும் யூனிட்டுகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நியூயார்க்கில் கண்ணுக்குப் பொதுவாகத் தெரியும் எல்லாமே நகரத்துக்குச் சொந்தமில்லை. புரூக்ளின் பாலம் நகரத்துடையது, ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் துறைமுக ஆணையத்துடையது. விமான நிலையங்களுக்கும் எட்டாவது அவென்யூவில் உள்ள பெரிய பஸ் நிலையத்துக்கும் அந்த ஆணையத்தைத்தான் கேட்க வேண்டும். சுதந்திர தேவி சிலை நிற்கும் தீவு மத்திய அரசின் தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது. ராக்கஃபெல்லர் சென்டர் தனியார் வளாகம். சுகோட்டி பூங்காவோ பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தனியார் நிலம், பெயரில் மட்டும்தான் பூங்கா. மேயர் அலுவலகத்தின் பெர்மிட்டை இங்கெல்லாம் நீட்டினால் காவலாளி அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார்.

இதில் சப்வே தனிக்கதை. ரயிலை நடத்துவது மாநிலத்தின் கீழ் இயங்கும் எம்.டி.ஏ. 2004இல் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரயில் நிலையங்களில் புகைப்படத்தையே தடை செய்ய ஒரு யோசனை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2005இல் அது கைவிடப்பட்டது. இப்போது அங்கே படம் எடுக்கலாம், ஆனால் லைட், ரிஃப்ளெக்டர், டிரைபாட் மூன்றும் கூடாது. தெருவில் டிரைபாடை விரித்து நின்றுகொண்டிருந்தவர் படியிறங்கி பிளாட்ஃபாரத்துக்கு வந்ததும் அதை மடக்கிவிட வேண்டும். அபத்தம்போலத் தெரிந்தாலும் தர்க்கம் அதேதான். மேலே 20 அடி நடைபாதை, கீழே அவசரத்தில் ஓடும் கூட்டமும் தண்டவாள விளிம்பும். இடம் குறுகினால் உரிமையும் அதற்கேற்பக் குறுகுகிறது.

பாதுகாப்பு என்ற ஆட்சேபம் இங்கே வலுவாக எழும். 2001 செப்டம்பருக்குப் பிறகு பாலங்களையும் கட்டடங்களையும் கேமராவில் துருவுகிறவர் மீது அந்த நகரத்துக்குச் சந்தேகம் வருவது இயற்கை. பெர்மிட் இருந்தால் யார் என்று தெரிந்துவிடுமே என்பார்கள். தெரியாது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் மேயர் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு வர மாட்டான், சட்டைப்பையில் இருக்கும் செல்ஃபோன் அவனுக்குப் போதும். பெர்மிட்டைப் பாதுகாப்புக் கருவியாக்கினால் மாட்டுவது ராகேஷ் சர்மா போன்றவர்கள்தான். போலி துப்பாக்கி, போலீஸ் சீருடை, மோதல் காட்சி ஆகியவை இதில் வராது. பார்க்கிறவர் நிஜமென்று நம்பிவிடக்கூடியதைத் தெருவில் நடத்துவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, பெர்மிட் வாங்கி, காவல்துறையின் சினிமா–டிவி பிரிவு பக்கத்தில் நிற்கத்தான் எடுக்க வேண்டும். இதில் எந்தச் சாமர்த்தியமும் வேண்டாம், உயிர் போகிற விஷயம்.

இனி விண்ணப்பம். பெர்மிட் தருவது மேயரின் ஊடக, பொழுதுபோக்கு அலுவலகம். 2010இல் புதிய புராஜெக்ட் ஒன்றுக்கு 300 டாலர் என்று கட்டணம் வந்தது. கட்டணம் மாறக்கூடியது, ஆகவே பட்ஜெட் போடுகிற நாளில் அலுவலகத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தைவிடக் கனமானது காப்பீடு. ஒரு சம்பவத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரையிலான பொறுப்புக் காப்பீடு எடுத்து, அதில் நகரத்தையும் காப்பீடு பெற்றவராகச் சேர்த்த சான்றிதழைக் காட்ட வேண்டும். சொந்தக் காசில் குறும்படம் எடுப்பவருக்கு இது பெரிய சுமை என்பதில் சந்தேகமில்லை. அதனால் சிலர் இடத்துக்கான அனுமதி என்ற தத்துவமே பணக்காரனுக்குச் சாதகம் என்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இந்த விதியில் ஏழைப் படக்காரருக்கு ஒரு திறந்த வாசல் இருக்கிறது. லைட் ஸ்டாண்டைக் கைவிட்டு, பகல் வெளிச்சத்தை நம்பி, நடிகர்களை நடக்கவிட்டு, கேமராவைக் கையில் பிடித்தால் காப்பீடே தேவையில்லாமல் போகிறது. முதல் வரைவு நிலைத்திருந்தால் அந்த வாசல் அடைபட்டிருக்கும். திரைக்கதை எழுதும்போதே எந்தக் காட்சி நாலடிக்குள் அடங்கும், எது அடங்காது என்று பிரித்துவிடுங்கள். அடங்காத காட்சிகளை ஒரே நாளில் திரட்டிப் போட்டால் பெர்மிட், காப்பீடு, வண்டி நிறுத்தம் எல்லாச் செலவும் அந்த ஒரு நாளோடு முடியும். கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரியின் காப்பீட்டின் கீழ் வர முடியுமா என்று துறையில் கேட்க வேண்டும். காப்பீட்டால் அளவுக்கு மீறிய சிரமம் என்று காட்ட முடிந்தால் விலக்குக் கேட்கவும் வழி உண்டு. அனுமதி மறுக்கப்பட்டால் காரணம் கேளுங்கள். இடம் வேறொருவருக்குப் போய்விட்டது, போக்குவரத்து தாங்காது, ஆபத்து என்பவை காரணங்கள். கதை பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது.

பெர்மிட் தேவையில்லாதவரும் விரும்பிக் கேட்டு ஒன்றை வாங்கிக்கொள்ள விதி இடம் தருகிறது. வாங்க வேண்டுமா என்று கேட்டால், ஒரே இடத்தில் பல மணி நேரம் டிரைபாடோடு நிற்கப் போகிறவருக்கு வாங்கச் சொல்வேன், ஊர் சுற்றி எடுப்பவருக்கு வேண்டாம் என்பேன். ரோந்து வரும் ஒவ்வொரு போலீஸ்காரரும் விதித் தொகுப்பை மனப்பாடம் செய்திருக்க மாட்டார், கையில் ஒரு தாள் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். ஆனால் எல்லோரும் தற்காப்புக்காக வாங்க ஆரம்பித்தால், தாள் இல்லாதவர் குற்றவாளிபோலத் தெரியத் தொடங்குவார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் புகாரையும் ஒதுக்க முடியாது, அது தெருவாசிகளுடையது. பெரிய யூனிட் வந்தால் பார்க்கிங் போய்விடுகிறது, ஜெனரேட்டர் ராத்திரியெல்லாம் உறுமுகிறது, சொந்த வீட்டு வாசலுக்குப் போக ஒரு பையனின் வாக்கி டாக்கியிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. நகரமும் அதிகம் அடிபட்ட தெருக்களைக் குறித்துவைத்து, சில காலம் அங்கே பெர்மிட் தராமல் ஓய்வு கொடுக்கிறது. இது என் வாதத்துக்கு எதிரான சான்று அல்ல, அதற்குள்ளேயே அடங்குவது. அந்த மக்களுக்குப் படத்தோடு எந்தப் பகையும் இல்லை, அவர்கள் கேட்பது தங்கள் இடத்தை. பெர்மிட் கிடைத்தாலும் நோட்டீஸை முன்கூட்டியே ஒட்டி, கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஆட்களை நிறுத்த உங்கள் உதவியாளர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது, வேண்டிக் கேட்கத்தான் முடியும். போக்குவரத்தை நிறுத்துவது போலீஸின் வேலை.

பெர்மிட் தீர்க்காத விஷயங்கள் சில உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரோன் தனி: நகரத்துக்குள் எங்கிருந்தும் பறக்கவிடவோ இறக்கவோ காவல்துறையின் அனுமதி வேண்டும், அந்த அனுமதி முறையே 2023இல்தான் வந்தது. தெருவில் போகிறவரின் முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அவரது எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், 1903 முதல் நியூயார்க் மாநிலச் சட்டம் அப்படித்தான். கலைப்படைப்புக்கு நீதிமன்றங்கள் விலக்குத் தந்திருக்கின்றன. டைம்ஸ் சதுக்கத்தில் முன்பின் தெரியாதவர்களை எடுத்த பிலிப்–லோர்கா டிகோர்சியா மீதான வழக்கு 2006இல் தள்ளுபடியானது. தெருவிலிருந்து தெரியும் கட்டடத்தை எடுக்கலாம், ஆனால் சிற்பத்துக்கும் சுவரோவியத்துக்கும் பதிப்புரிமை தனியே இருக்கும். சென்னையிலிருந்து யூனிட்டோடு போகிறவர்களுக்கு இன்னொன்று: மேயர் அலுவலகத்தின் பெர்மிட் விசாவுக்கு ஈடாகாது. சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்துக்குப் படப்பிடிப்பில் வேலை செய்தால், தெருவில் பிரச்சினை வராவிட்டாலும் குடியேற்றத் துறையில் வரும்.

கடைசியாகப் போலீஸ். விதியின் அந்தப் பக்கங்களை அச்செடுத்துப் பையில் வையுங்கள். போலீஸ்காரர் வந்து ஓரமாக நகரச் சொன்னால் வாதாடாமல் நகருங்கள், வழியைச் சீர்படுத்துவது அவர் பொறுப்பு. பிறகு எந்த அளவுக்குள் நிற்கிறீர்கள், வழியில் எத்தனை அடி விட்டிருக்கிறீர்கள் என்று நிதானமாகச் சொல்லுங்கள். வேலையில் குறுக்கிடாமல் போலீஸையே படமெடுக்கும் உரிமையை 2020இல் மாநிலமும் நகரமும் சட்டமாகவே எழுதிவிட்டன. இடத்தைக் காலி செய்யச் சொன்னால் செய்யலாம். எடுத்த படத்தை அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டியதில்லை.